உள்ளறைத் தகடு

தம்மாம்
சவூதி அரேபியா
7.2.1982

ஜவுபர்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

நெற்களஞ்சியத்தின் சத்தம். பாடசாலை விட்டதும் போய், வெறுமையாகக் கிடந்த அந்தக் கட்டடத்துக்குள் நின்று கத்துவோமே. நீ ஒரு சொல்லை எறிவாய். அது சுவர்களைத் தொட்டு, மெலிந்து, யாருடையதும் அல்லாத குரலாகத் திரும்பும். அதற்கு ‘வால்’ என்று பெயர் வைத்தவன் நீ. எழுபத்தெட்டுச் சூறாவளி கூரையைக் கொண்டுபோன பிறகும் ஒருமுறை போனோம். நீ கத்தினாய். குரல் வானத்துக்குப் போய்விட்டது. வால் இல்லை.

நேற்று ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் குளிரூட்டி பூட்டப் போனோம். பின்னறையில் ஒரு பெரிய மரப்பெட்டி. அடக்கத்துக்குத் தூக்கிப்போகும் சந்தூக்கை நிமிர்த்தி வைத்ததுபோல. உள்ளே ஓர் உருக்குத் தகடு, அவ்வளவுதான். நான்கு மூலையும் இழுபட்டு இரும்புச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்த எகிப்துக்காரர் ஒரு பாடகனின் குரலை அதற்குள் அனுப்பினார். திரும்பி வந்தது களஞ்சியம்.

நான் திருப்புளியோடு நின்றேன். மேற்பார்வையாளன் ஏசும்வரை நின்றேன்.

நம் ஊரிலும் ஒன்று செய்யலாம். வேலை இதுதான். ஒரு ஸ்பீக்கரின் கடதாசியை வெட்டி எறிந்துவிட்டு, அதன் சுருளை ஒரு சிறு கம்பியால் தகட்டில் ஒட்ட வேண்டும். குரல் தகட்டை நடுங்கவைக்கும். இன்னோர் இடத்தில் பழைய கிராமபோனின் ஊசித்தலையைப் பொருத்தினால் அது அந்த நடுக்கத்தை வாங்கித் தரும். அதில் கொஞ்சத்தை மூலக்குரலோடு கலக்க வேண்டும். ஒரு நிபந்தனை. தகடு வேறு அறையில், அமைதியான அறையில் இருக்க வேண்டும். பாட்டு ஒலிக்கும் அறையிலேயே வைத்தால் ஊளையிடும்.

உன் றேடியோக் கடை பஸார் வீதியில். அங்கே முடியாது. எங்கள் வீட்டு உள்ளறை பூச்சில்லாமல் கிடக்கிறது. எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். அது சுல்பிகாவுடையது. தங்கச்சிக்குக் கொடுக்கும் வீட்டை நான் கட்டுகிறேன், அவ்வளவுதான். அவளுக்கு மாப்பிள்ளை வந்து ஏறும்வரை உள்ளறை தகட்டுக்கு, முன்னறை உனக்கு. உம்மாவுக்கு எழுதியிருக்கிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்டுவந்த பௌதிகம் இதற்காவது உதவட்டும்.

என் அறைக்கார ஜெமீல் லீவில் ஊருக்கு வருகிறான். கசெட் ரெக்கோடர் ஒன்றும் சின்ன மிக்ஸர் ஒன்றும் அவனிடம் தருகிறேன். தும்மல் வந்தாலும் றேடியோவை நிறுத்திவிட்டுத் தும்முகிறவன் நீ. இவற்றையும் அப்படியே பார்த்துக்கொள்.

மசூர்


கல்முனைக்குடி
14.3.1982

மச்சான் மசூருக்கு ஸலாம்.

சாமான்கள் சுகமாகச் சேர்ந்தன. நாங்களும் சுகம். தகடுதான் சுகமில்லாமல் இருந்தது.

நீ உருக்கு என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். சூறாவளிக்குப் பிறகு நம் ஊரில் கூரைத் தகரத்துக்கா பஞ்சம்? தட்டையானதாக ஒன்றைப் பார்த்து எடுத்து மாட்டிவிட்டேன். பாடுவதற்கு நம் வகுப்பு முத்தலிப். இப்போது தச்சு வேலை செய்கிறான். குரல் அப்படியே இருக்கிறது. ஒரு வரி பாடினான். திரும்பி வந்ததைக் கேட்டதும் சொன்னான்: “என்ன மச்சான், என்னக் கெணத்து வாளிக்குள்ள போட்டுட்டாயா?”

பிறகு லொறிக்கு மேற்கூடு அடிக்கிற பட்டறையில் ஆறடிக்கு மூன்றடி உருக்குத் தகடு வாங்கினேன். சட்டமும் அங்கேயே ஒட்டினார்கள். உன் உம்மாவும் சுல்பிகாவும் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நானும் முத்தலிபும் அதை உள்ளறையில் தொங்கவிட்டு, வயரைச் சுவரில் துளை போட்டு முன்னறைக்கு எடுத்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். சுல்பிகா சின்னப் பிள்ளையா இப்போது? பல்கலைக்கழகச் சோதனை எழுதி, மறுமொழிக்குக் காத்திருக்கிற குமர்ப்பிள்ளை. அவள் இருக்கிற உள்ளுக்குள் நான் போகலாமா? தகடோ நாளுக்கு நாலு தரம் தளர்கிறது. காலையில் ஒரு சுருதி, வெயிலேறினால் வேறு சுருதி. திருகாணியை யார் இறுக்குவது? கடைசியில் சுல்பிகாதான் திருகாணிக்கு என்றானது. நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம். நடுவில் மாமி, உன் உம்மா.

“மாமி, மேல வலப்பக்கத்து ஆணிய அரைச் சுத்து இறுக்கச் சொல்லுங்க.”

“புள்ள, மேல வலப்பக்கமாம். அரைச் சுத்தாம்.”

“ஆருக்கு வலம் உம்மா? அவருக்கா எனக்கா?”

“ஆருக்கு வலமாம் மனே?”

மூன்றாம் நாள் மாமிக்குப் போதும் என்றாகிவிட்டது. “எனக்கு உலையில அரிசி கிடக்கு. ரெண்டு பேரும் நேரே கத்துங்க. சுவர்தானே நடுவில இரிக்கி” என்று எழும்பிப் போய்விட்டா.

ரெக்கோடரின் கைநூல் இங்கிலீசில். அதையும் சுல்பிகாதான் சுவருக்கு அப்பாலிருந்து வாசித்துச் சொன்னாள். “பதியிறெண்டா ரெண்டு பொத்தானையும் சேத்து அமத்தட்டாம். ஒண்ட மட்டும் அமத்தினா பதியாதாம்.” நான் நாலு நாளாக ஒன்றை மட்டும் அமத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகட்டுக்குக் காது இருக்கிறது. அந்த அறையில் யாராவது கதைத்தால் தகடு நடுங்கி, ஹெட்போனில் எனக்குக் கேட்கிறது. முதல் நாள் சுல்பிகா மெதுவாக, தனக்குத்தானே, “இந்த மனிசனுக்கு வேற வேலயில்லயா?” என்றது அப்படியே கேட்டது. “இல்லதான்” என்று நான் இங்கிருந்து சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் திருப்புளி கீழே விழுந்தது.

சத்தம் இன்னும் களஞ்சியமாகவில்லை. மணி அடித்ததுபோல் இருக்கிறது. என்ன செய்ய?

ஜவுபர்


தம்மாம்
20.4.1982

ஜவுபர்,

மணிபோல ஒலித்தால் இழுவை கூடிவிட்டது. நான்கையும் தளர்த்து. தகட்டை ஒவ்வொரு மூலைக்குப் பக்கத்திலும் விரல் முட்டியால் தட்டச் சொல். நான்கும் ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒன்று பிந்தினாலும் வால் கோணும்.

தகட்டுக்குப் போகும் குரலில் அடித்தொனியைக் குறைத்து அனுப்பு. பின்பக்கம் ஒரு கம்பளியைத் தொங்கவிடு. தகட்டைத் தொடக்கூடாது. கிட்டக் கொண்டுவந்தால் வால் குறுகும், எட்ட எடுத்தால் நீளும்.

இரவில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தகட்டை நான் தட்டிப் பார்க்கிறேன்.

மக்கீன் மாமா எழுதியிருந்தார். சுல்பிகாவுக்குச் சாய்ந்தமருதில் ஒரு மாப்பிள்ளை. புடைவைக் கடை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நிக்காஹ் வைக்கலாமாம். சரி என்று எழுதிவிட்டேன். வேறென்ன எழுதுவது? சோதனை மறுமொழியைக் கேட்டிருந்தேன். ‘அது சரிவரவில்லை மகன்’ என்று உம்மாவின் கடிதம் வந்தது. உம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறவள் சுல்பிகாதான். தான் தவறியதைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. மாமா வாசித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார் என்பதால், அவளுடைய சொல் என்று அந்தக் கடிதங்களில் ஒன்றும் இருப்பதில்லை.

அவள் பேராதனைக்குப் போயிருந்தால் நான் விட்டது விட்டதாக இருந்திருக்காது. சரி. விடு.

எப்படியும் உள்ளறை ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும்தான். அதற்குள் பதிந்து முடி.

மசூர்


கல்முனைக்குடி
12.6.1982

மச்சான்,

வந்துவிட்டது. களஞ்சியம் வந்துவிட்டது.

விராத்து இரவுக்கு முதல் நாள் பின்னேரம். வீட்டில் ரொட்டிக்கு மா இடித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கை விழுகிற ஒவ்வொரு தரமும் தகடும் ‘தும்’ என்கிறது. “மாமி, ஒரு பாட்டு முடியுமட்டும் உலக்கைய வைங்களன்” என்றேன். “ஊர் ரொட்டி சுட்டு முடிஞ்சிரும், ஒண்ட பாட்டு முடியாது” என்று சொல்லிக்கொண்டே வைத்தா.

முத்தலிப் பாடினான். மூலைகள் நான்கும் ஒன்றாகப் பேசின. அடித்தொனியைக் குறைத்திருந்தேன். கம்பளி ஒரு சாண் எட்ட. பாடி முடித்த பிறகும் குரல் போகவில்லை மசூர். நின்றது. நின்று, மெலிந்து, கூரையைத் தேடிக்கொண்டு போனது. போட்டுக்காட்டினேன். முத்தலிப் உளியைப் பிடிக்கிற கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இது நான் இல்ல மச்சான். நான் இப்படி ஒரு நாளும் இரிக்கல்ல” என்றான்.

கசெட்டை ஜெமீலிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ சத்தத்தை அளக்க வசதியாக இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிந்திருக்கிறேன். இடக்காதில் முத்தலிபின் குரல். வலக்காதில் தகடு மட்டும்.

ஹெட்போனில் கேள். தனியாகக் கேள். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதே. வால் எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டுமல்லவா, கசெட்டை ஓடவிடு. வேறு யாருக்கும் போட்டுக்காட்டாதே.

ஜவுபர்


தம்மாம்
29.6.1982
நோன்பு

ஜவுபர்,

கேட்டேன். மூன்று முறை.

பாட்டு நன்றாக இருக்கிறது. களஞ்சியம்தான். அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது முடியாது.

வால் முடிந்தது. ஒரு ‘டக்’. மறுபடி ஒரு ‘டக்’. பிறகு வலக்காதில் மட்டும், பாங்கு. தூரத்தில், தகடு வழியாக, நம் பள்ளியின் பாங்கு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஊரின் குரலைக் கேட்கிறேன் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு சுல்பிகாவும் உம்மாவும் கதைக்கத் தொடங்கினார்கள். கேட்டதை எழுதுகிறேன், நீயும் கேட்டதுதானே.

“பேராதனைக் கடிதம் வந்தத ஏன் காக்காக்குச் சொல்லக் கூடா?”

“மெதுவாக் கதை. மாமா எல்லாம் பேசி முடிச்சிட்டார்.”

“சரிவரல்ல எண்டு என்ர கையாலேயே எழுத வெச்சீங்களே உம்மா. ஆகஸ்ட் இருவதுக்குள்ள பதியாட்டி அவ்வளவுதான். மறுகா இல்ல.”

“ஒண்ட காக்காவும் படிக்கத்தான் போனான். என்னத்தக் கண்டான்? பாதியில உட்டுட்டுப் போனான்.”

“எனக்கு இந்த ஊட்டக் கட்டத்தான உட்டுட்டுப் போன? எனக்கு ஊடு வேணாம் உம்மா. அவர் உட்ட பாதிய நான் படிச்சி முடிக்கன்.”

பிறகு உம்மா அழுகிற சத்தம். அதற்கும் வால் இருந்தது.

இப்போது உன்னைக் கேட்கிறேன். பாட்டு முடிந்து நிறுத்தியிருக்கிறாய். பிறகு மறுபடியும் அமத்தியிருக்கிறாய். இரண்டு ‘டக்’கும் தெளிவாகக் கேட்கிறது. தும்மலுக்கும் நிறுத்துகிறவன் நீ, மறந்துவிட்டேன் என்று சொல்லாதே. பாங்கு சொல்லியும் பள்ளிக்குப் போகாமல், என் உம்மாவும் தங்கச்சியும் உள்ளே கதைப்பதை ஹெட்போனில் கேட்டுப் பதிந்திருக்கிறாய். மார்ச் மாதத்திலிருந்து எத்தனை நாள் இப்படி இருந்தாய்? திரைச்சீலை எதற்காகத் தொங்குகிறது?

என் வீட்டை உன்னிடம் விட்டுத்தான் நான் இங்கே இருக்கிறேன்.

தகட்டைக் கழற்று.

மசூர்


கல்முனைக்குடி
14.7.1982

மசூர்,

தகட்டைக் கழற்றிவிட்டேன். சுவர்த்துளையைச் சீமெந்தால் அடைத்துவிட்டேன். ரெக்கோடரும் மிக்ஸரும் துணியில் சுற்றி உன் உம்மாவிடம்.

ஓம். நான்தான் அமத்தினேன்.

மற்ற நாட்களில் யாராவது கதைக்கத் தொடங்கினால் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவேன். நீ நம்பினாலும் சரி, விட்டாலும் சரி.

இதை மட்டும் கேள். கசெட்டில் இருந்தது பொய்யில்லை. இன்று ஜூலை பதினாலு. என் கடிதம் உனக்கு வர இரண்டு கிழமை. உன் கடிதம் இங்கே வர இன்னும் இரண்டு கிழமை. தந்தி என்றால் ஒரு நாள்.

என்னோடு கோபிப்பதற்கு உனக்கு வேண்டியமட்டும் காலம் இருக்கிறது. அவளுக்கு ஆகஸ்ட் இருபது வரைக்கும்தான்.

ஜவுபர்


தம்மாம்
1.8.1982

ஜவுபர்,

உம்மாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். மாமாவுக்கும். சுல்பிகா போகிறாள். சாய்ந்தமருதுக்காரருக்கு நானே எழுதினேன். மாமா இனி என்னோடு கதைக்க மாட்டார்.

அவள் போவது வேறு. நீ செய்தது வேறு. இரண்டையும் ஒன்றாக்க என்னால் முடியவில்லை. முயன்றேன்.

இனி எழுத வேண்டாம்.

மசூர்


தம்மாம்
9.11.1987

ஜவுபர்,

ஐந்து வருடம். எழுத வேண்டாம் என்றேன், நீ எழுதவில்லை. சொன்னதைக் கேட்கிறவன்.

மருதமுனையில் கலியாணம் முடித்து மனைவி வீட்டில் இருக்கிறாய் என்று தெரியும். முகவரியை முத்தலிபிடம் வாங்கினேன்.

போன மாதம் ஊரில் இருந்தேன். சுல்பிகாவின் கலியாணம். பட்டம் முடித்து, இப்போது பௌதிகம் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளையும் ஓர் ஆசிரியர், அவள் சரி என்று சொன்ன ஆள். உள்ளறைக்குப் பூச்சுப் பூசியாகிவிட்டது. நீ சீமெந்தால் அடைத்த துளை பூச்சுக்கு மேலாகவும் ஒரு பொட்டுப்போல தெரிகிறது. எனக்கு மட்டும் தெரிகிறதோ என்னவோ.

ஒரு மாதம் முழுவதும் மருதமுனை கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் வரவில்லை.

பயணத்துக்கு முதல் நாள் என் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“காக்கா, ஜவுபர் காக்காவ ஏன் கலியாணத்துக்குச் சொல்லல்ல?”

“ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதுக்குத்தான் கேக்கன். அண்டைக்கு அமத்தின அவர் இல்ல. நான்.”

பெட்டியை மூடாமலே சொன்னாள். பாட்டு முடிந்ததும் நீ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முத்தலிபோடு அஸர் தொழுகைக்குப் போய்விட்டாயாம். உம்மா கொல்லையில் இருந்தாவாம். இவள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய், சுவிச்சைப் போட்டு, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமத்திவிட்டு, உள்ளறைக்குத் திரும்பி வந்து தகட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உம்மாவைக் கூப்பிட்டாளாம். அந்தச் சண்டையைக் கொல்லையிலும் போட்டிருக்கலாம். அந்த அறைக்குக் கொண்டுவந்தாள்.

“கடிதத்த மாமா வாசிப்பார். கசெட்ட ஆர் காக்கா வாசிக்கிற?” என்றாள்.

அவளிடம் கேட்டேன், இதை ஏன் ஐந்து வருடமாகச் சொல்லவில்லை என்று. நான் உன்னோடு கோபம் என்பதே அவளுக்குப் போன வருடம்தான் தெரியுமாம். நானும் நீயும் பிரிந்தது தூரத்தால் என்று நினைத்திருக்கிறாள். அறிந்த பிறகு, நேரில் சொல்வதற்கென்று வைத்திருந்தாளாம்.

இங்கே அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மறுபடியும் போனேன். மரப்பெட்டியை வெளியே போட்டுவிட்டார்கள். இப்போது புத்தகம் அளவு ஒரு பெட்டி. பொத்தானை அமத்தினால் ‘தகடு’ என்று எழுத்து வருகிறது. வாலும் வருகிறது, சுத்தமாக. உள்ளே தகடு இல்லை. அதற்குப் பக்கத்தில் நின்று நான் கதைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை அதற்கு.

நான் எழுதிய சொற்களைத் திருப்பி எடுக்க முடியாது. மன்னிப்பு என்ற சொல்லை இத்தோடு நாலு தரம் எழுதி வெட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான்தான் அமத்தினேன் என்று எழுதினாயே. அவள் என்று உனக்குத் தெரியுமா, அல்லது என் கோபத்துக்குப் பதில் சொல்ல விருப்பமில்லாமல் எழுதினாயா?

மசூர்


மருதமுனை
6.12.1987

மச்சான்,

உன் கடிதம் ஊரடங்கெல்லாம் தாண்டி நேற்று வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். “ஆர்ர கடிதம், இப்படி வாசிக்கிறீங்க?” என்றாள் றாபியா, என் மனைவி. “மச்சான்ட” என்றேன். “ஒங்களுக்கு அப்பிடி ஒரு மச்சான் இரிக்கிறாரா?” என்றாள். இருக்கிறார் என்று சொன்னேன். ஐந்து வருடத்தில் முதல் தரம்.

தகடு என்னிடம்தான் இருக்கிறது. இங்கே பின்னறையில் தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தறிகள். மைக்குக்கு முன்னால் யாராவது வாயைத் திறக்குமுன் தகட்டில் தறி வந்துவிடுகிறது. பாட்டுப் பதிய முடியாது. முத்தலிப் வந்து பார்த்துவிட்டு, “நல்லம் மச்சான், புடவைக்கும் வால் வெச்சிட்டாய்” என்றான். ஆனாலும் சில பின்னேரங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா கேட்பேன். பாங்கு நேரத்தில் தறிகள் நிற்கும். அப்போது கொஞ்சம் களஞ்சியம் வரும்.

இப்போது உள்ளறைக்கு நானே போகலாம், இது என் மனைவியின் வீடு. திருகாணியை நானே இறுக்குகிறேன். எனக்கும் தகட்டுக்கும் ஒரே வலப்பக்கம். ஏனோ அந்த அளவுக்குச் சுருதி சேரவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

அன்று அஸருக்கு நான் முதல் வரிசையில் நின்றேன். அதை மட்டும் உன் கணக்கில் திருத்திக்கொள். திரும்பி வந்தேன். முத்தலிப் பள்ளியிலிருந்தே வீட்டுக்குப் போய்விட்டான். முன்னறையில் யாரும் இல்லை. கசெட் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நிறுத்திவிட்டுப் போன கசெட். உள்ளே மறுபடியும் உலக்கை விழத் தொடங்கியிருந்தது.

குனிந்து பார்த்தேன். இரண்டு பொத்தானிலும் அரிசிமா. விரல் நுனி அளவில், வெள்ளையாக, பக்கத்தில் பக்கத்தில். ஒரு பொத்தானில் என்றால் தவறிப் பட்டது என்று நினைத்திருப்பேன்.

கசெட்டை நிறுத்தினேன். கொஞ்சம் பின்னுக்கு ஓட்டிக் கேட்டேன். எதற்காக, யாருக்காக என்று விளங்கியது. வாசலில் மக்கீன் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் படியேறுமுன் சாரன் தலைப்பால் இரண்டு பொத்தானையும் துடைத்துவிட்டேன்.

ஜவுபர்